நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் மானிட்டர் தாறுமாறாகக் காட்டுகிறது: பழுது பட்டையிலா, சென்சாரிலா?

வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது, எண் கண்டபடி ஏறி இறங்குகிறது, பேட்டரியும் மாதம் ஒன்று கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்காமலே சொல்கிறேன், பெரும்பாலும் பட்டைதான்.

எனக்கும் முதல் வருடம் இதே கதை. ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பேன், வாட்ச்சில் 198 ஓடும். அடுத்த நொடி 71. பத்து நிமிடம் ஓடி வியர்த்த பிறகு நல்ல பிள்ளையாக 142-ல் நிற்கும். வியர்த்ததும் சரியாகிறது அல்லவா, விடை அங்கேதான் இருக்கிறது. பட்டையின் உள்பக்கம் வழுவழுவென்று இருக்கும் இரண்டு பகுதிகளும் மின்முனைகள். இதயம் துடிக்கும்போது எழும் மெல்லிய மின் அலையை அவை தோலிலிருந்து பிடிக்கின்றன. தோல் காய்ந்திருந்தால் அந்த அலை சரியாக வந்து சேராது. 1982-ல் பின்லாந்தின் போலார் நிறுவனம் வயர் இல்லாத மானிட்டரைக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த விஷயம் மட்டும் மாறவில்லை. அதனால் கட்டும் முன் அந்த இரண்டு இடத்தையும் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். (அவசரத்துக்கு எச்சில் தொட்டுத் தடவியதும் உண்டு, யாரிடமும் சொல்லாதீர்கள்.) மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே, நழுவாத அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். காற்று வறண்டிருக்கும் நாளில் பாலியெஸ்டர் பனியன் படபடத்து உரசினால்கூட எண் எகிறும்.

இனி பேட்டரி. ஓடி வந்ததும் பட்டையை அப்படியே குளியலறைக் கதவில் மாட்டிவிடுவேன், இரண்டு பிரஸ் பட்டனால் பட்டையில் மாட்டியிருக்கும் சென்சாரைக் கழற்றாமல். மூன்று பேட்டரி மாற்றி, விற்ற கடைக்குக் கோபமாக ஒரு மெயிலும் எழுதிய பிறகு, ஒரு நாள் ராத்திரி போனில் ஆப்பைத் திறந்தால் கதவில் தொங்கும் பட்டையோடு கனெக்ட் ஆகிறது! ஈரம் இரண்டு பிரஸ் பட்டனையும் இணைத்துவிடுவதால், இன்னும் யாரோ நெஞ்சில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து சென்சார் விழித்தே இருக்கிறது. பட்டன்களைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு வேறு பிடித்திருந்தது. கழற்றித் துடைத்து வைக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு சிஆர் 2032 பேட்டரி எனக்கு ஒரு வருடத்துக்குப் பக்கமாக வருகிறது. பேட்டரி மாற்றும்போது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் முறுக்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது விலகினால் வியர்வை உள்ளே போய்விடும்.

துவைப்பது சுலபம். ஒவ்வொரு முறையும் குழாய்த் தண்ணீரில் அலசல், வாரத்துக்கு ஒரு தடவை மென்மையான சோப்பு, நிழலில் காயவைத்தல். கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கி, பிளீச் இரண்டும் பக்கத்திலேயே வரக்கூடாது.

கையில் கட்டும் வாட்ச்சே போதாதா என்றால், நடைக்குப் போதும். பச்சை விளக்கொளியில் ரத்த ஓட்டத்தைப் பார்த்துக் கணக்கிடும் அது, வேகமாக ஓடும்போது சில சமயம் துடிப்புக்குப் பதில் காலடியை எண்ணிவிடும்.

சரி, எது பழுது என்று கண்டுபிடிக்கும் வழி. சென்சாரைத் தனியாகக் கழற்றுங்கள். இரண்டு கட்டைவிரலையும் நனைத்து, பின்பக்கத்து பட்டன் ஒவ்வொன்றின் மேலும் ஒன்றாக வைத்து, ஆடாமல் உட்காருங்கள். என்னுடையது சில நொடியில் வாட்ச்சில் துடிப்பைக் காட்டிவிடும். உடனே கழுத்து நாடியை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சென்சார் நன்றாக இருக்கிறது, பட்டை மட்டும் வாங்கினால் போதும். கழுத்திலேயே நாடி தாறுமாறாக ஓடினாலோ, தலைசுற்றலோ நெஞ்சு வலியோ கூட இருந்தாலோ பட்டையை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.