வன்னியில் வீதி திருந்திய அளவுக்கு பஸ் ஏன் ஓடவில்லை?

"அரசின் நிதி முடிவுகள் ஓர் ஊரின் போக்குவரத்தை எந்தளவுக்கு மாற்றும்?" என்பது கேள்வி. நான் இலங்கையின் வடக்கே வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பக்கம். வன்னியை வைத்தே சொல்கிறேன்.

வீதி யாருடையது என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஏ, பி தர வீதிகள் கொழும்பின் கீழுள்ள வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி மாகாணத்துக்கு. மிச்சம் பிரதேச சபைக்கு. போருக்குப் பிறகு வந்த பெரிய காசு பெரும்பாலும் வெளிநாட்டுக் கடன். கடன் வாங்குவது மத்திய அரசு என்பதால் அதன் திட்டங்களுக்கே கூடுதலாகப் போனது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதிக்குச் சீனக் கடன், ஓமந்தைக்கு வடக்கே ரயில் பாதைக்கு இந்தியக் கடன். ரயில் கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி. வட மாகாண சபைத் தேர்தல் அதே மாதம் 21. தேர்தல் கிட்ட வந்தால் தண்டவாளமும் விறுவிறென்று நீளும் போல.

பிரதேச சபைக்கு என்ன வருமானம்? கொஞ்சம் ஆதனவரி, சந்தைக் குத்தகை, அனுமதிக் கட்டணம். காடும் வயலுமான இடத்தில் அந்தக் காசுக்குக் கிரவல்தான் போடலாம். மதகு இல்லாத வீதியில் போட்ட கிரவல் மாரியோடு போய்விடும். அடுத்த வருடம் திரும்பவும் அதே கிரவல்.

பஸ் விஷயம் இதைவிடச் சிக்கல். வீதி போடக் கடன் கிடைக்கும், திறப்பு விழாவும் வைக்கலாம். டீசலுக்கும் சாரதி, நடத்துநர் சம்பளத்துக்கும் யார் கடன் தருவார்கள்? அதை வருடா வருடம் ஒதுக்க வேண்டும். 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேர். பரப்போ 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். இப்படி ஆள் ஐதான இடத்தில் உள்வீதி பஸ் நட்டத்தில்தான் ஓடும். அரசின் இலங்கை போக்குவரத்துச் சபைக்கு (இ.போ.ச.) நட்ட வழித்தடங்களுக்கும் மாணவரின் சலுகை சீசன் சீட்டுக்கும் திறைசேரி பணம் கொடுக்கிறது. அது இறுகினால் முதலில் நிற்பது பின்னேரக் கடைசி பஸ்தான். தனியாரைக் குறை சொல்லியும் பயனில்லை. கட்டணத்தை அரசு தரப்பே தீர்மானிப்பதால் தாங்களாகக் கூட்ட அவர்களால் முடியாது. இரவு ரயிலில் மாங்குளத்தில் இறங்குகிறவருக்கு ஓட்டோவை விட்டால் வேறு வழியில்லை. முல்லைத்தீவு நகரத்துக்கோ ரயில் பாதையே கிடையாது.

இன்னொன்று, ஒரே வீதியில் ஓடும் பஸ்களுக்குப் பொறுப்பு வேறு வேறு இடத்தில். இ.போ.ச. மத்திய அரசிடம், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் அனுமதி மாகாணத்திடம், மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம். இணைந்த நேர அட்டவணை என்றதும் வரும் இழுபறி இதனால்தான். இதைப் பேசித் தீர்க்க வேண்டிய வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல வருடங்களாக ஆளுநர் நிர்வாகம்தான்.

சரி, உங்கள் ஊர் வீதிக்கு மனுக் கொடுப்பதென்றால் அது எந்தத் தரம் என்று முதலில் கேட்டு வையுங்கள். தவறான கந்தோருக்குப் போன மனு அங்கேயே கிடக்கும். ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.