பழைய வீடுகளுக்கு நிழல் சேர்ப்பது எப்படி? கேள்வி பதில்

டெல்டா மாவட்டங்களில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய ஓட்டு வீடுகளைப் பழுதுபார்க்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பதால், நம் குழு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதுகிறேன்.

திருவையாறு உறுப்பினர்: எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. மாலையில் திண்ணையில் உட்கார முடியவில்லை. 2 அடிக்குச் சிமென்ட் சன்ஷேடு போடலாமா?

பயனில்லை. மே மாதத்தில் மாலை 4 மணிக்கு உங்கள் 2 அடி சன்ஷேடு சுவரில் ஏறத்தாழ ஒன்றரை அடிக்குத்தான் நிழல் தரும். 5 மணிக்கு அது முக்கால் அடியாகச் சுருங்கிவிடும். சாய்ந்து வரும் வெயிலைத் தலைக்கு மேலே நீட்டிய பலகையால் தடுக்க முடியாது, எதிரே தொங்கும் தட்டியால்தான் தடுக்க முடியும். நம் பாட்டிமார் திண்ணைத் தூண்களுக்கிடையே மூங்கில் தட்டியை மதியம் இறக்கி, விளக்கு வைக்கும் நேரத்தில் சுருட்டிக் கட்டியது இதனால்தான். தட்டி திண்ணையின் வெளி விளிம்பில் தொங்க வேண்டும். சன்னலுக்கு உள்ளே திரை போட்டால் வெயிலின் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

அதைத் தொங்கவிட மரத்தூணிலோ சுவரிலோ ட்ரில் போடாதீர்கள். சுண்ணாம்புக் காரையில் ஆங்கர் போல்ட் பிடிப்பதில்லை; அது செங்கல்லைத் தளர்த்தும், அந்தத் துளை வழியே ஐப்பசி மழை உள்ளே போகும். விட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டினால் போதும்.

மயிலாடுதுறை உறுப்பினர்: வடக்குச் சன்னலில் மதிய வெயில் விழுவதாக மனைவி சொல்கிறார். வடக்கில் ஏது வெயில்?

உங்கள் மனைவி சொல்வது சரி. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நம் ஊர்களில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று அது சுமார் 12 பாகை சரிந்திருக்கும். இங்கே மட்டும் சின்னச் சாய்ப்பு உதவும், ஏனெனில் 1 அடி நீட்டினால் அந்த வேளையில் 4 அடிக்கு மேல் நிழல் கிடைக்கும்.

தாராசுரம் உறுப்பினர்: கோயிலுக்கு அருகில் வீடு. வாசலில் இரும்புக் கொட்டகை போடலாமா?

ஐராவதேசுவரர் கோயில் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளது. 2010 சட்டத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுவதற்கு முன்அனுமதி தேவை. முதலில் தூரத்தை அளந்து பாருங்கள்.

பாபநாசம் உறுப்பினர்: முற்றத்தைப் பாலிகார்பனேட் ஷீட்டால் மூட நினைக்கிறோம்.

வேண்டாம். கூடத்தின் சூடான காற்று மேலேறி வெளியேறும் வழி முற்றம்தான். இரவில் அதன் கல்தளம் வானத்தைப் பார்த்துக் குளிர்கிறது. வெளிச்சத்தை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடாத மூடியைப் போட்டால், கூடம் இரவிலும் ஆறாது.

அதே உறுப்பினர்: சொல்வது எளிது. குரங்குத் தொல்லை இருக்கிறது. மழையில் அம்மா வழுக்கி விழுந்தார். நீங்கள் வந்து தூக்குவீர்களா?

கோபம் நியாயமானது. குரங்குக்குக் கம்பி வலை போதும், அது காற்றைத் தடுக்காது. வெயிலுக்கு, கம்பியில் ஓடும் துணிப் பந்தலைக் காலை 10 மணிக்கு இழுத்து மாலையில் ஒதுக்கிவிடலாம். வழுக்கலுக்குத் தளத்தின் பாசியைச் சுரண்டி, தாழ்வாரத்தில் பிடிமானக் கம்பி வையுங்கள்.

நன்னிலம் உறுப்பினர் (குறுக்கிட்டு): நாங்கள் மூடினோம். ஷீட்டைத் தாங்கிய சட்டகத்தின் பாரத்தில் உள்முற்றத்து ஓடுகள் விரிந்து, ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் மழைநீர் இறங்கியது. இரண்டே ஆண்டில் நான்கு கைமரம் மாற்றினோம்.

பாபநாசம் உறுப்பினர்: அது வேலை செய்தவரின் குறை!

ஓரளவு உண்மைதான். மூடியே தீர வேண்டுமென்றால் ஷீட்டை ஓட்டின் மேல் உட்கார வைக்காமல், தனிக் கால்களில் ஓட்டுக்கு மேல் ஒன்றரை அடியாவது உயர்த்தி, நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். அப்போதும் ஒளி ஊடுருவாத ஷீட்தான் நல்லது. இதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

நாகப்பட்டினம் உறுப்பினர்: வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடலாமா?

மணம் நிச்சயம். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதியாக இருப்பதால் குளிர்ச்சி குறைவாகவே கிடைக்கும். நனைந்த தட்டி மரத்தூணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடிமரம் உளுத்துவிடும்.

மன்னார்குடி உறுப்பினர்: மாடியில் தகரக் கொட்டகை போடலாமா?

இது இன்று வந்த மூன்றாவது தகரக் கேள்வி. பழைய மெட்ராஸ் தளத்தில் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மாடித் தளம்) கால் நட்டால் கீழிருக்கும் அந்த மரக்கட்டைகள் என்ன பாரம் தாங்கும் என்பதைப் பொறியாளர் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயலில் தகரங்கள் எங்கெங்கே பறந்தன என்பதை உங்கள் தெருவிலேயே கேளுங்கள். அவிழ்த்து வைக்கக்கூடிய கீற்றுப் பந்தலைப் பங்குனியில் போட்டு, புரட்டாசிக்குள் பிரித்துவிடுங்கள்.

திருவாரூர் உறுப்பினர்: எத்தனை டன் ஏசி வாங்கலாம்?

அது என் துறையல்ல.

ஒரத்தநாடு உறுப்பினர்: தட்டி மாட்டத் தேக்குத் தூணில் எத்தனை எம்.எம். ட்ரில் போடலாம்?

முதல் பதிலை மறுபடி படியுங்கள். கயிறு.