சின்னஞ்சிறு பிள்ளைகளும் அருங்காட்சியகமும்

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு ஏழு வயதும் நான்கு வயதும் ஆகின்றன. சென்ற விடுமுறையில் அவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். மூத்தவன் கால் மணி நேரத்தில் எல்லா அறைகளையும் ஓடி முடித்துவிட்டான். சின்னவளோ பாடம் செய்து வைத்திருந்த சிறுத்தையைக் கண்டு அழத் தொடங்கிவிட்டாள். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று என் மாமியார் கேட்கிறார். மறுபடியும் அழைத்துப் போகலாமா? எங்கே போவது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அவசியம் அழைத்துப் போங்கள். ஆனால், நுழைவுச்சீட்டு வாங்கியாயிற்று என்பதற்காக எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு மூன்று நான்கு பொருள்களே தாராளம். கண்ணாடிப் பெட்டிகள் பெரியவர்களின் கண் உயரத்துக்கு வைக்கப்பட்டிருப்பதால், சின்னவளைத் தூக்கிக் காட்டினாலொழிய அவளுக்குப் பெட்டியின் கால்கள்தாம் தெரியும். பிள்ளைகள் ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுவே. உங்கள் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மூங்கில் கூடையும் மண்பானையும் எப்படிப் புழங்கின என்பதை விளக்கப் பலகையைவிட அவரே நன்றாகச் சொல்வார்.

உதகையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என இம்மாவட்டத்தின் ஆறு பழங்குடியினரும் புழங்கிய பொருள்கள் அங்கே உள்ளன; வெளியே அவர்களுடைய வீடுகள் சிலவற்றின் மாதிரிகளையும் அமைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு உள்ளே போவதற்கு முன்பு அந்த வீடுகளைப் பார்த்துவிடுவது நல்லது. தோடர் வீட்டின் வாசல் ஏறத்தாழ மூன்றடி உயரமே இருக்கும் என்பதால், பெரியவர்கள் தவழ்ந்துதான் நுழைய முடியும். உங்கள் மகளோ தலையைச் சற்றுக் குனிந்தால் போதும். இவ்வளவு சிறிய வாசல் எதற்கு என்று கேளுங்கள். குளிரும் காட்டு விலங்குகளும் உள்ளே வராமலிருக்க என்பதை, மலையில் வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கலை என்று தனியாகக் காட்ட விரும்பினால், மூத்தவனுக்குத் தோடர் பூத்தையல் பொருத்தமானது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழைகளை எண்ணி எண்ணித் தைக்கும் இந்த வேலைக்கு முன்கூட்டி வரைந்த கோடு எதுவும் கிடையாது. 2013ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கட்டம் போட்ட கணக்கு நோட்டைக் கையில் கொடுத்து, ஒரே ஒரு வடிவத்தைக் கட்டம் எண்ணி வரையச் சொல்லுங்கள். ஓட்டம் தானாக நின்றுவிடும். சின்னவளுக்கு உங்கள் கோத்தகிரிப் பக்கத்துக் குறும்பர்களின் ஓவியங்களைக் காட்டலாம். வேங்கை மரப் பிசினும் இலைச்சாறும் அவற்றில் வண்ணங்களாகின்றன. பாறையில் தேன் எடுக்கும் காட்சியில் ஏணி எங்கே, தேனடை எங்கே என்று அவளே தேடட்டும்.

இனி சிறுத்தை. ‘ஒன்றும் செய்யாது, பயப்படாதே’ என்று சொல்வதால் பயன் இல்லை. ஒன்றும் செய்யாத சிறுத்தை எப்படி இருக்கும் என்பது அவளுக்குப் புரியாது. அது எப்போதோ இறந்துவிட்டது, தோல் மட்டுமே உண்மையானது, கண்கள் கண்ணாடியால் ஆனவை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் அழுதால் அந்த அறையை விட்டுவிடுங்கள்; கட்டாயப்படுத்தவே கூடாது.

என்றாவது சென்னைக்குப் போனால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையும் மறக்காதீர்கள். நீலகிரியின் முதல் ஆணையரான பிரீக்ஸ், 1870களின் தொடக்கத்தில் இம்மலையின் பழைய ஈமச் சின்னங்களைத் தோண்டி எடுத்த பொருள்கள் அங்குள்ள சேகரிப்பில்தான் இருக்கின்றன. நம் மலையின் மிகப் பழைய கலைப்பொருள்களைக் காண நம் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அவற்றுள் எருமை முதலான உருவங்களை மூடிமேல் அமைத்த மண்பானைகள் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். புறப்படும் முன்பே அவற்றின் படங்களைக் காட்டி, களிமண் கொடுத்து, ஆளுக்கோர் எருமை மூடி செய்து பார்க்கச் சொல்லுங்கள். கொம்பை ஒட்டவைக்கப் பட்ட பாடு தெரிந்த பிள்ளை, அங்கே போனதும் முதலில் கொம்பைத்தான் பார்க்கும்.