பாக்கைக் காலிலிருந்து கேளுங்கள்

கேள்வி: ஜெர்மானிய இசைமேதை பாக்கின் ஆர்கன் இசையை எல்லோரும் புகழ்கிறார்களே என்று கைபேசியில் போட்டுக் கேட்டேன். தொடங்கியதுமே பேய்ப்படம் பார்ப்பது போல் இருந்தது. அப்புறம் ஒரே கணக்கு. உணர்ச்சியே இல்லை. இதற்கு ஏன் இத்தனை கொண்டாட்டம்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் கேட்டது ‘டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூகும்’ என்ற உருப்படிதான். டொக்காட்டா என்றால் விரல் வேகம் காட்டும் முன்பகுதி; ஃபியூக் என்றால் ஒரே மெட்டைப் பல இசைவரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்திப் பிடிப்பது. பெயரைச் சொல்லாவிட்டாலும் அந்தப் ‘பேய்ப்படம்’ காட்டிக்கொடுத்துவிட்டது. 1931-இல் ஹாலிவுட் திகில் படம் ஒன்றின் தொடக்கத்தில் அதைப் போட்டார்கள். அப்போது ஒட்டிக்கொண்ட பயம் இன்னும் போகவில்லை. அதற்கு இசை என்ன செய்யும்? அதோடு, அதை எழுதியது பாக்தானா என்பதே சந்தேகத்தில் இருக்கிறது. அவர் கைப்பட எழுதிய பிரதி கிடையாது. இருப்பதில் பழையது யோஹானஸ் ரிங்க் என்பவர் எடுத்த நகல். 1981-இல் பீட்டர் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் கிளப்பிய கேள்வி இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்த உருப்படி பிடிக்கும். ஆனால் அதை மட்டும் வைத்து பாக்குக்குத் தீர்ப்பு எழுதுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கைபேசியில் கேட்டேன் என்கிறீர்கள் பாருங்கள், என் வருத்தமே அதுதான். ஆர்கன் என்பது குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் வாத்தியம். அதில் கைக்கு மட்டுமல்ல, காலுக்கும் ஒரு கட்டைவரிசை உண்டு. பெடல் என்பார்கள், மரக்கட்டைகளைக் காலால் மிதித்து வாசிப்பது. 16 அடிக் குழாயின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 33 அதிர்வுதான். கைபேசியின் குட்டி ஒலிபெருக்கிக்கு அந்த ஆழம் எட்டவே எட்டாது. அதாவது பாக்கின் கால்கள் வாசித்ததை நீங்கள் கேட்கவே இல்லை.

அந்தக் கால்வாசிப்புக்காக அவர் எவ்வளவு பாடுபட்டார் தெரியுமா? மற்ற பல இடங்களில் பெடல் ஆதார சுரத்தை நீட்டிப் பிடிக்க மட்டுமே உதவியது. வட ஜெர்மனியில் அதற்கென்றே தனி இசைவரி எழுதினார்கள். அதில் பெரிய கை, லூபெக் நகரின் மரியன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த புக்ஸ்டஹூட. 1705-இல், 20 வயது பாக், தான் ஆர்கன் வாசித்துவந்த ஆர்ன்ஸ்டாட் தேவாலயத்தில் நான்கு வாரம் லீவு கேட்டுக்கொண்டு, அவர் வாசிப்பதைக் கேட்க நடந்தே போனார். சுமார் 400 கிலோமீட்டர். நான்கு வாரத்துக்குப் பதில் ஏறத்தாழ நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினார். 1706 பிப்ரவரியில் சபை மேலிடம் கூப்பிட்டு விசாரித்தது. லீவு விஷயம் மட்டுமல்ல; ஞானப்பாட்டுக்குள் விசித்திரமான சங்கதிகளைப் போடுகிறார், பொருந்தாத சுரங்களைக் கலக்கிறார், சபையார் குழம்பிப்போகிறார்கள் என்பதும் குற்றச்சாட்டு. நீங்கள் ‘கணக்கு’ என்கிறீர்கள். கூடவே இருந்து கேட்டவர்களின் புகார் நேர்மாறாக இருந்திருக்கிறது!

கணக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய ‘சி மைனர் பஸ்ஸகாலியா’ என்ற உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸகாலியா என்றால் ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வர, அதைச் சுற்றி இசை மாறிக்கொண்டே போவது. எட்டு அளவை (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு மெட்டைக் கால்கள் தனியாக வாசிக்கின்றன. அதன்மேல் 20 மாறுபாடுகள், அப்புறம் ஒரு ஃபியூக். நடுவில் மெட்டு மேலே ஏறிக் கைகளுக்குப் போய்விடுகிறது. காலடியில் தரையே இல்லாதது போல் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே மெட்டோடு பெடல் கீழிருந்து திரும்பி வரும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கிறது. அந்தக் கணக்கு இல்லாமல் இந்தச் சிலிர்ப்பு வராது. புது ஆர்கனைச் சோதிக்க பாக்கைக் கூப்பிட்டால், முதலில் ஸ்டாப்புகள் (குழாய்த் தொகுதிகளைத் திறக்கும் குமிழ்கள்) எல்லாவற்றையும் இழுத்துவிட்டு முழுச் சத்தத்தில் வாசித்து, இதற்கு நுரையீரல் நன்றாக இருக்கிறதா பார்க்கிறேன் என்பாராம். மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் எழுதி வைத்தது இது. ஆர்கனை மூச்சு விடுகிற ஒன்றாகப் பார்த்த மனிதர் அவர்.

உணர்ச்சிதான் வேண்டுமென்றால், ‘உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்’ என்று தொடங்கும் ஜெர்மன் ஞானப்பாட்டுக்கு அவர் எழுதிய சிறு முன்னிசை இருக்கிறது. பாக் படைப்புப் பட்டியலில் 639-ஆம் எண். மூன்று நிமிடம்கூட வராது. மூன்றே குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் மூன்று இசைவரிகள். வலது கை பாட்டைப் பாடுகிறது, அங்கங்கே சின்னச் சின்ன அசைவுகளோடு. இடது கை நிற்காமல் ஓடுகிறது. கீழே பெடல், ஒரே சீராக, யாரோ நெடுந்தூரம் நடந்துகொண்டே இருப்பது போல. சத்தம் எங்கும் கூடாது, குறையாது. ஆர்கன் கட்டையை அழுத்தி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே ஒலிதான். அப்படியும் ஒரு மனிதன் தனியாக நின்று கெஞ்சுவது அதில் கேட்கிறது.

சரி, நல்ல ஹெட்போன் ஒன்று இரவல் வாங்குங்கள். 639-ஐ இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை பாட்டை. இரண்டாவது தடவை கால்களை மட்டும். கேட்டுவிட்டு எழுதுங்கள், அப்போதும் உணர்ச்சி இல்லை என்றுதான் தோன்றினால், அந்தக் கடிதத்தையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.