மலைப் பள்ளியில் வேலை: மேலேயே தங்கலாமா, கீழிருந்து போய்வரலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். இடைநிலை ஆசிரியையாக முதல் வேலையே வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில், பீஞ்சமந்தைக்குப் பக்கத்து மலைக் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் கிடைத்திருக்கிறது. மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் வீடு எடுத்து தினமும் போய்வரலாமா, மேலேயே தங்கிவிடலாமா? தனியாக இருக்கப் போவதால் வீட்டில் ரொம்பப் பயப்படுகிறார்கள்.

பதில்: மேலேயே தங்குங்கள் டீச்சர். சனி ஞாயிறு கீழே இறங்கிக்கொள்ளலாம், ஆனால் முதல் ஒரு வருஷமாவது திங்கள் முதல் வெள்ளி வரை ஊரிலேயே இருங்கள். பீஞ்சமந்தை இருக்கும் இதே ஜவ்வாது மலைப் பள்ளிகளில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்கிற முறையில் இதை அழுத்தியே சொல்கிறேன்.

மலைக்குப் பஸ் குறைவு, ஐப்பசி கார்த்திகை மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கொடுப்பதால் பிள்ளைகள் நேரத்தோடு வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைக்கும்போது டீச்சர் அங்கே நின்றால் வகுப்பு நடக்கும், பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தால் பாதிப் பேர் ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு மாதம் இப்படிப் போனால் 'டீச்சர் வந்தாத்தான் பள்ளிக்கூடம்' என்று ஊரே முடிவு கட்டிவிடும், அதை மாற்றுவது பெரிய பாடு.

வீட்டை நீங்களாகத் தேடாதீர்கள். தலைமை ஆசிரியரையும் அங்கன்வாடி டீச்சரையும் கூட்டிக்கொண்டு ஊர்க் கவுண்டரை, அதாவது ஊர்த் தலைவரைப் போய்ப் பாருங்கள், 'ஊரிலேயே தங்கப் போகிறேன், வீடு வேண்டும்' என்று கேளுங்கள். ஊர் பார்த்துக் கொடுத்த வீட்டில் இருக்கும் டீச்சருக்கு ஊரே பொறுப்பு. தனி வீடு வேண்டாம், ஒரு குடும்பம் இருக்கிற வீட்டை ஒட்டிய அறையாகப் பாருங்கள். கக்கூஸ், அதற்குத் தண்ணீர், உள்தாழ்ப்பாள் மூன்றையும் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவது தமிழ்தான், பேச்சு புரியுமா என்ற கவலை வேண்டாம்.

வீட்டில் பயப்படுகிறார்கள் என்றீர்களே, நான் பயப்படுவது மனுஷர்களுக்கு அல்ல, பாம்புக்கு. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பல நேரம் வலியே தெரியாது. கட்டிலில் படுங்கள், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள். யாரைக் கடித்தாலும் கயிறு கட்டுவது, கீறிவிடுவது, வேர் அரைத்துக் கொடுப்பது எதுவும் கூடாது, கடிபட்ட இடத்தை அசைக்காமல் விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்துபோனது. 108 எதுவரை வரும், அங்கே வரை தூக்கிப்போக யாரிடம் வண்டி இருக்கிறது, போன் எந்த மேட்டில் எடுக்கும் என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்து, வண்டிக்காரர் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிதான்.

அப்புறம் வகுப்பறை. பெற்றோர் பலர் காப்பித் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர் போய்விடுவார்கள். நாலாம் வகுப்புப் பெண் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும், உள்ளே வரலாமா என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். தம்பியையும் உள்ளே உட்கார வையுங்கள். அவன் சிலேட்டை நக்குவான், பலப்பத்தைத் தின்பான், பரவாயில்லை. அவனை வெளியே அனுப்பினால் அவளும் போய்விடுவாள், அதோடு அவள் படிப்பு நின்றுவிடும். மாசி பங்குனியில் புளி உலுக்கும்போது வருகை குறையும், கோபப்படாமல் சாயங்காலம் வீட்டுக்கே போய்க் கேளுங்கள். ஊரில் தங்கினால்தான் அதுவும் முடியும்.

ஒன்றே ஒன்று, 'அப்பா எங்கே?' என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அந்தக் கேள்வி எந்தப் பிள்ளையை எங்கே குத்தும் என்று நமக்குத் தெரியாது.

ஊர் உங்களை நம்ப வேண்டுமானால் சாதிச் சான்றிதழ் வேலையில் கை கொடுங்கள். பழங்குடியினர் சான்றிதழ் தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு என்று இருக்கும், 1989இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு எடுத்த தாளில் வட ஆற்காடு அம்பேத்கர், அப்பாவின் தாளில் வேலூர். மூன்றும் ஒரே ஊர்தான் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புவரை காத்திருக்காமல் அஞ்சாம் வகுப்பிலேயே மனு போட வையுங்கள், பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: நல்ல கம்பளி, ஸ்வெட்டர் (மார்கழியில் தூத்துக்குடி உடம்பு தாங்காது), மழைக்கோட்டு, 5 கிலோ சிலிண்டர், சார்ஜ் லைட், ஒரு மாதச் செலவுக்குச் சில்லறையாகப் பணம். அரிசியும் சாமையும் மேலேயே கிடைக்கும். உங்களுடையது ஒன்றியப் பள்ளி என்றால் மலைப்படி (மலையில் வேலை பார்ப்பதற்கான படி) உண்டா என்று சேரும் அன்றைக்கே வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். உண்டு உறைவிடப் பள்ளி என்றால் பழங்குடியினர் நலத்துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும்.