ஸ்பைடர்மேன் ஏன் இன்னும் பழசாகவில்லை?

சில சூப்பர்ஹீரோக்களை மட்டும் அப்பாவுக்கும் பிடிக்கிறது, பிள்ளைக்கும் பிடிக்கிறது. ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஸ்பைடர்மேனை வைத்தே சொல்கிறேன்.

1962-இல் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் அவனை உருவாக்கினார்கள். அதுவரை காமிக்ஸில் பதின்வயதுப் பையன் என்றால், பேட்மேனுக்கு ராபின் மாதிரி, பெரும்பாலும் துணைக்கு நிற்பவன்தான். ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பையன் பீட்டர் பார்க்கரோ தானே நாயகன். அதுவும் எப்படிப்பட்ட நாயகன்! சக்தி கிடைத்ததும் அவன் ஊரைக் காக்கக் கிளம்பவில்லை, காசு பார்க்கக் கிளம்புகிறான். கண்முன்னே ஓடும் திருடனை 'எனக்கென்ன' என்று விட்டுவிடுகிறான். அதே திருடன்தான் பிறகு, பீட்டரை வளர்த்த பெரியப்பா பென்னைக் கொல்கிறான். இந்தக் குற்றவுணர்ச்சிதான் கதையின் உயிர் என்பேன். வலை வீசுவது, சுவரேறுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். வில்லனை ஜெயித்துவிட்டு வந்தாலும் கையில் காசிருக்காது, பெரியம்மா மே-க்கு உடம்பு சரியிருக்காது. இந்தக் கவலைகள் எந்தத் தலைமுறைக்குப் புரியாது?

சினிமாவும் பொம்மைகளும் புகழைப் பரப்பின, உண்மைதான். ஆனால் உடையைக் கவனியுங்கள். டிட்கோ முகத்தை முழுக்க மூடிவிட்டார். தோல் துளிகூடத் தெரியாது. உள்ளே யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் 2004-இல் மும்பைப் பையன் பவித்ர் பிரபாகர் வேட்டியோடு ஸ்பைடர்மேன் ஆனதும், 2011-இல் கறுப்பினத் தந்தைக்கும் போர்ட்டோ ரிக்கோ வம்சத்துத் தாய்க்கும் பிறந்த மைல்ஸ் மொராலெஸ் அதே முகமூடியை மாட்டியதும் இயல்பாகப் பொருந்தின.