மாசாய் மாராவில் சொன்ன உறுதிமொழி கோவையில் செல்லுமா?

கேள்வி: நாங்கள் இருவரும் கோவைக்காரர்கள், இந்துக்கள். போன ஆகஸ்டில் கென்யாவின் மாசாய் மாராவுக்கு சஃபாரி போனோம். தங்கியிருந்த முகாமில் திருமண உறுதிமொழி நிகழ்ச்சி ஒன்றை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். விடியற்காலையில், புல்வெளி நடுவில், கூட வந்த இரண்டு நண்பர்களும் சில பயணிகளும் பார்க்க, தமிழிலேயே உறுதிமொழி சொல்லி மோதிரம் மாற்றிக்கொண்டோம். அங்குள்ள மாசாய் பழங்குடிப் பெரியவர் ஒருவர் மணிமாலை போட்டு ஆசி வழங்கினார். முகாம் மேலாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் கையில் இருக்கிறது. ஊர் திரும்பியதும் மண்டபத்தில் வரவேற்பு வைத்தோம், அங்கே மாலையும் மாற்றிக்கொண்டோம். இப்போது அவருக்கு நெதர்லாந்தில் வேலை. என் விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் கேட்கிறார்கள். முகாமின் சான்றிதழ் போதுமா? இல்லையென்றால் ஆகஸ்ட் தேதியைப் போட்டு இங்கே பதிவு செய்ய முடியுமா? சுயமரியாதைத் திருமணமாக ஏற்க மாட்டார்களா? இரண்டரை மாதம்தான் அவகாசம்.

— வாசகி, கோவை

பதில்: முகாம் கொடுத்தது நினைவுப் பரிசு, திருமணச் சான்றிதழ் அல்ல. கென்யாவின் 2014ஆம் ஆண்டு திருமணச் சட்டப்படி, பதிவுத் திருமணம் செய்ய விரும்புகிறவர்கள் குறைந்தது 21 நாட்களுக்கு முன்பே பதிவாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்கள் சிறப்பு உரிமம் வாங்கலாம். எப்படியானாலும் உறுதிமொழி சொல்லும்போது திருமணம் நடத்த அதிகாரம் பெற்ற ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். முகாம் மேலாளருக்கு அந்த அதிகாரம் இல்லை.

மாசாய்ப் பெரியவரின் ஆசி? கென்யச் சட்டம் வழக்காற்றுத் திருமணத்தையும் அங்கீகரிக்கிறது. ஆனால் மணமக்களில் ஒருவராவது சேர்ந்த சமூகத்தின் வழக்கப்படி அது நடந்திருக்க வேண்டும். மணிமாலை போட்டுக்கொண்டதால் கோவைக்காரர் மாசாய் ஆகிவிட மாட்டார். ஆகவே கென்யச் சட்டத்தின் கண்ணில் அன்று காலை திருமணம் எதுவும் நடக்கவில்லை. அங்கே செல்லாத திருமணத்தை நமது 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் பதிவு செய்யவும் வழியில்லை. அந்தப் பிரிவு, நடந்த நாட்டின் சட்டப்படி முறையாக நடந்த திருமணத்தைத்தான் பதிவுக்கு ஏற்கும்.

அடுத்து சுயமரியாதைத் திருமணம். நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த திருத்தம்தான் 7ஏ பிரிவு. புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம், ஏழடியும் (சப்தபதி) வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும், தாலி கட்டினால் போதும். 2001இல் ஒருவர் இரண்டாம் திருமணக் குற்றச்சாட்டிலிருந்து தப்பிக்க, 'சப்தபதி நடக்கவில்லை, அதனால் அது கல்யாணமே இல்லை' என்று வாதாடிப் பார்த்தார். உச்ச நீதிமன்றம் இந்த 7ஏ பிரிவைக் காட்டித்தான் அந்த வாதத்தை மறுத்தது. 2023 ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பில், ஊரறிய நடந்தால்தான் இத்திருமணம் செல்லும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய நிலைப்பாடு தவறு என்றும் சொல்லிவிட்டது. (வழக்கறிஞர் அறையில் அவசர அவசரமாக நடக்கிற கல்யாணங்கள் பற்றிய வழக்கு அது. எங்கள் தொழிலில் சிலருக்கு நிம்மதி.)

அப்படிப் பார்த்தால் உங்கள் புல்வெளி நிகழ்ச்சியில் 7ஏ கேட்கிற எல்லாமே இருந்தன: தமிழில் உறுதிமொழி, மோதிரம், பார்க்க நண்பர்கள். சிக்கல் இடத்தில்தான். 7ஏ ஒரு மாநிலத் திருத்தம். இந்தியாவில் நிலையான வாழிடம் கொண்ட இந்துக்கள் வெளிநாட்டில் இருந்தாலும் இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும் என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மாநிலத் திருத்தமும் கூடவே கடல் தாண்டி வரும் என்று வாதாடலாம். நானே ஆசையாக வாதாடுவேன். ஆனால் அது நீதிமன்றத்தில், ஆண்டுக்கணக்கில். விசா அதிகாரியிடம் போய் வாதாட முடியாது.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: வரவேற்பில் மாலை மாற்றிக்கொண்டோம். அது தமிழ்நாட்டு மண்ணில், உறவினர் முன்னிலையில் நடந்தது. 7ஏ கேட்பதும் அதைத்தானே? அப்படியானால் அன்றே கல்யாணம் முடிந்துவிட்டதா? முடிந்தது என்று சொல்ல இடமுண்டு. ஆனாலும் அதை நம்பிப் பதிவுக்குப் போகாதீர்கள். உங்கள் அழைப்பிதழில் 'வரவேற்பு' என்றுதான் இருக்கும். ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று நினைத்துப் புகைப்படத்துக்காக மாற்றிய மாலை அது, மணம் முடிக்கும் எண்ணத்தோடு மாற்றியதல்ல. சார்பதிவாளர் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டால் நீங்களே அதைச் சொல்லிவிடுவீர்கள். சொல்லவும் வேண்டும். நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால் அந்த வீடியோ உதவும், பத்திரமாக வைத்திருங்கள்.

ஆகஸ்ட் தேதியைப் போட்டுப் பதிவு செய்வது பற்றி. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு திருமணப் பதிவுச் சட்டம் இம்மாநிலத்தில் நடந்த திருமணங்களுக்கானது. மாசாய் மாரா என்று எழுதினால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதற்காக ஏதோ ஒரு கோயில் பெயரை எழுதி ஆகஸ்ட் தேதியைப் போட்டுத் தருகிறேன் என்று இடைத்தரகர் யாராவது வரக்கூடும். கிட்டவே சேர்க்காதீர்கள். அரசுப் பதிவேட்டில் தெரிந்தே பொய் எழுதுவது குற்றம். தவிர, அந்தத் தேதியில் நீங்கள் கென்யாவில் இருந்ததற்கு உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையே சாட்சி சொல்லும். அப்படி வாங்கும் சான்றிதழ் உங்களைக் காப்பாற்றவும் செய்யாது. 2024 ஏப்ரலில் இரண்டு விமானிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சடங்கு எதுவும் நடக்காமல் ஓர் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டி அரசுப் பதிவும் செய்திருந்தார்கள். திருமணமே நடக்கவில்லை, எனவே அந்தச் சான்றிதழ்களும் செல்லாது என்பது தீர்ப்பு.

சரி, என்ன செய்யலாம்? மறுபடி கல்யாணம் செய்துகொள்ளுங்கள். ஒரே ஆளை மறுபடி மணப்பது குற்றமில்லை. முதலாவது செல்லுமா செல்லாதா என்ற சந்தேகமும் அதோடு தீரும். மண்டபம் எல்லாம் வேண்டாம். வீட்டுக் கூடத்திலோ பக்கத்துக் கோயிலிலோ பெற்றோரும் நான்கு பேரும் நிற்க, மாலை மாற்றித் தாலி கட்டுங்கள். தேதியும் இடமும் அச்சிட்ட எளிய அழைப்பிதழ் ஒன்று, நல்ல புகைப்படங்கள் சில, வயது, முகவரிச் சான்றுகள், சாட்சிகள். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அவசரம், அதே வாரத்தில் போங்கள்.

இன்னொரு வழி 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். ஏற்கெனவே நடந்த சடங்கை அதன் 15ஆம் பிரிவில் பதியலாமே என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் 30 நாள் அறிவிப்பு உண்டு. தவிர, அந்தச் சட்டப்படி உங்கள் திருமணம் பதிவேட்டில் ஏறும் நாளிலிருந்துதான் கணக்கு. ஆகஸ்ட் தேதி எப்படியும் கிடைக்காது என்னும்போது அந்தச் சுற்று எதற்கு? உங்கள் அவகாசத்துக்கு முதல் வழியே சரி.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மாநில அரசின் சான்றொப்பம், அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது நம் ஆவணத்தை வெளிநாடு ஏற்பதற்கான சான்று முத்திரை. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, நெதர்லாந்தும் இருக்கிறது. பெயரின் முதலெழுத்து, தந்தை பெயர், பிறந்த தேதி எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று சான்றிதழை வாங்கும்போதே பாருங்கள். முத்திரை குத்திய பிறகு திருத்துவது பெரிய தலைவலி.

அவருடைய அலுவலகக் காப்பீட்டில் ஆகஸ்ட் முதலே உங்களை மனைவி என்று சேர்த்திருந்தால், சட்டப்படியான திருமணத் தேதி இன்னது என்று மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு அவர் புதிய நியமனம் (நாமினி) கொடுக்க வேண்டும். குடும்பம் இல்லாத காலத்தில் கொடுத்த நியமனம், குடும்பம் ஆனதும் செல்லாமல் போய்விடும்.

உங்களைப் போலவே சஃபாரியில் மணம் முடிக்கும் ஆசையுள்ளவர்கள் இதைப் படித்தால்: இங்கே பதிவை முடித்துக்கொண்டு, அங்கே போய் உறுதிமொழி சொல்லிக்கொள்வதுதான் செலவும் அலைச்சலும் குறைந்த வழி. இல்லை, அங்கேயேதான் சட்டப்படி நடக்க வேண்டும் என்றால் விமான டிக்கெட்டுக்கு முன்னால் கென்யப் பதிவாளருக்கான அறிவிப்பைக் கவனியுங்கள். பதிவாளரே முகாமுக்கு வருவாரா என்று முகாம்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக உங்களுக்கு. விசா விண்ணப்பத்தில் திருமணத் தேதி கேட்கும் கட்டத்தில் தாலி கட்டும் தேதியை மட்டும் எழுதுங்கள். ஆகஸ்ட் படங்கள் சமூக ஊடகத்தில் இருக்கின்றனவே என்று யாராவது கேட்டால், அது சடங்கு அளவிலான உறுதிமொழி, சட்டப்படியான திருமணம் பிறகு நடந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவரும் அதையே சொல்ல வேண்டும், நேர்காணலுக்கு முன்னால் இருவரும் ஒருமுறை பேசி வைத்துக்கொள்ளுங்கள்.